‘காத்து நிக்க மாட்டேங்குதுங்க’ என்று ஓட்டுநர் சொன்ன பிறகு

2017-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு விடியற்காலை, மணி நான்கே முக்கால் இருக்கும், எங்கள் கிளீனர் பையன் கைப்பேசியில் அழைத்தான். தொப்பூர் கணவாயில் வண்டி மோதிவிட்டது என்றும், ஓட்டுநர் கேபினுக்குள் சிக்கிக்கொண்டிருக்கிறார் என்றும் அழுதபடியே சொன்னான். நாமக்கல்லிலிருந்து நான் போய்ச் சேர்வதற்குள் ஓட்டுநரை வெளியே எடுத்து மருத்துவமனைக்கு அனுப்பியிருந்தார்கள். அவருடைய வலது கால் இரண்டு இடங்களில் முறிந்திருந்தது. எங்கள் லாரி உரசிச் சென்ற காரில் இருந்த ஓர் அம்மாளுக்கு மணிக்கட்டு முறிவு. முன்னால் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்த டிரெய்லரின் பின்புறத்தில் மோதி, இடப்புற மண்மேட்டில் ஏறி நின்ற லாரியைச் சுற்றி மக்காச்சோளம் கொட்டிக் கிடந்தது. உயிர்ச்சேதம் இல்லை. அதற்கு நான் எந்த வகையிலும் காரணம் அல்ல; டிரெய்லரைத் தாண்டி இரட்டைப் பாலம் வரை அந்த வண்டி ஓடியிருந்தால் கதையே வேறு.

அப்போது என்னிடம் மூன்று லாரிகள் இருந்தன. கர்நாடகத்தின் தாவணகெரேயிலிருந்து நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்குத் தீவனச் சோளம் ஏற்றி வருவதுதான் முக்கியமான ஓட்டம். சித்ரதுர்கா, தும்கூர், பெங்களூரு, ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி என்று வந்து, தொப்பூரில் இறங்கி, ஓமலூர், சேலம் வழியாக ஊர் சேர வேண்டும். மோதிய வண்டி 2008-ஆம் ஆண்டுப் பத்துச் சக்கர லாரி; கைமாறி வந்ததைத் தவணைக் கடனில் வாங்கியிருந்தேன். அந்த ஆண்டு சூலையில்தான் எஃப்.சி. காட்டித் தகுதிச் சான்று வாங்கினோம். செப்டம்பர் கடைசியில் ஆயுத பூசைக்கு வண்டியைக் கழுவிச் சந்தனம் பூசி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்தோம். தாளில் இருக்க வேண்டியவை எல்லாம் சரியாகவே இருந்தன.

ஆனால் விபத்துக்குப் பதினொரு நாள் முன்பு ஓட்டுநர் என்னிடம் சொல்லியிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணன் என்றும் அவர் என்னை முதலாளி என்றும் அழைப்பது வழக்கம். “முதலாளி, ராத்திரி நிறுத்தினா காலையில காத்து நிக்க மாட்டேங்குதுங்க. ஏறுறதுக்கும் வெகுநேரம் ஆகுது. ஒருக்கா பட்டறையில விட்டுப் பாத்துரலாமுங்க” என்றார். அது சோளம் இறங்கும் பருவம். தாவணகெரே மண்டியில் லோடு காத்திருந்தது. பட்டறையில் விட்டால் குறைந்தது இரண்டு நாள் போய்விடும். தவணைத் தேதியும் நெருங்கிக்கொண்டிருந்தது. “இந்த ரெண்டு நடை போயிட்டு வாங்கண்ணே, அப்புறம் மொத்தமா பாத்துக்கலாம்” என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. அவர் பேசாமல் போனதை அன்று சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

லாரியின் பிரேக் காற்றால் வேலை செய்வது. எஞ்சினோடு சுழலும் கம்ப்ரசர் காற்றை அழுத்தித் தொட்டியில் நிரப்புகிறது. மிதியை அழுத்தினால் அந்தக் காற்று ஒவ்வொரு சக்கரத்துக்கும் அருகில் உள்ள பிரேக் சேம்பருக்குப் போய் ஒரு தண்டைத் தள்ளுகிறது. அந்தத் தண்டு, லைனருக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் நெம்புகோலான ஸ்லாக் அட்ஜஸ்டரைத் திருப்ப, சக்கரத்தோடு சுழலும் டிரம்முக்குள் இருக்கும் லைனர் என்ற உராய்வுப் பட்டை விரிந்து டிரம்மைப் பிடிக்கிறது. இரவில் நிறுத்திய வண்டியில் காலையில் காற்று இல்லை என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். ஏறுவதற்கு வெகுநேரம் ஆகிறது என்றால் கம்ப்ரசரும் தேய்ந்திருக்கிறது என்று பொருள். ஓட்டுநர் ஒரே வாக்கியத்தில் இரண்டு நோய்களைச் சொன்னார். நான் காதில் வாங்கியது ‘பட்டறை’ என்ற சொல்லை மட்டுமே.

அன்றிரவு நடந்ததைப் பின்னர் மருத்துவமனைப் படுக்கையில் அவரே விவரித்தார். கணவாய்க்கு முன்னால் இருக்கும் பாளையம்புதூர் சுங்கச்சாவடியில் பிரேக் நன்றாகவே பிடித்திருக்கிறது. இறக்கம் தொடங்கியதும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளியிருக்கிறார். இதை அவர் மறைக்கவில்லை. நானும் மறைக்கப்போவதில்லை, ஏனென்றால் அந்தப் பழக்கத்துக்குக் கூலி கொடுத்தவன் நான். நடைக்கு இத்தனை லிட்டர் என்று டீசல் அளந்து கொடுத்து, மிச்சம் பிடித்தால் அந்தப் பணம் ஓட்டுநருக்கே என்று வைத்திருந்தேன். மிச்சம் எங்கே கிடைக்கும்? இறக்கத்தில்தான் என்று ஓட்டுநர்கள் நம்புகிறார்கள். உண்மையில் கியரில் இருக்கும் வண்டி இறக்கத்தில் உருளும்போது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் எஞ்சினுக்குப் போகும் டீசல் ஏறக்குறைய நின்றேவிடுகிறது. நியூட்ரலில்தான் எஞ்சின் தன்னை ஓட்டிக்கொள்வதற்காக டீசலைக் குடித்துக்கொண்டிருக்கிறது. இந்தக் கணக்கை லாரித் தொழிலில் பதினைந்து ஆண்டுகள் இருந்த எனக்கே அதுவரை யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

நியூட்ரலில் இன்னொரு கேடும் உண்டு. எஞ்சின் ஐடிலில் மெதுவாகச் சுழல்வதால் கம்ப்ரசரும் மெதுவாகவே சுழலும். ஏற்கெனவே தேய்ந்த கம்ப்ரசர், கசியும் குழாய், அதற்கு மேல் வளைவுக்கு வளைவு மிதிக்கப்படும் பிரேக். மூன்றாவது வளைவுக்குள் காற்றழுத்த முள் கீழே இறங்கிவிட்டது என்றார் அவர். எச்சரிக்கை பஸ்ஸர் ஒலித்ததா என்று கேட்டேன். அது ஒலிக்காமல் போய் ஓராண்டு ஆகிறது என்றார். அதையும் என்னிடம் சொல்லியிருந்தாராம், எனக்கு நினைவில்லை. வேகம் ஏறிய பிறகு கியரில் போட முயன்றிருக்கிறார், பல்சக்கரம் கரகரத்ததே தவிர ஏறவில்லை. பிறகு அவர் செய்ததுதான் பலரைக் காப்பாற்றியது: விளக்கை விட்டுவிட்டு அடித்து, ஹாரனிலிருந்து கையை எடுக்காமல், பள்ளத்தின் பக்கம் போகாமல் மேட்டின் பக்கமே வண்டியை ஒடித்திருக்கிறார்.

‘காற்று போய்விட்டால், அது அமுக்கி வைத்திருந்த ஸ்பிரிங் விடுபட்டு, ஸ்பிரிங் பிரேக் தானாகவே பிடித்து வண்டி நின்றுவிடுமே’ என்று தொழில் தெரிந்தவர்கள் கேட்கக்கூடும். நானும் கேட்டேன். விடை, காவல்துறை வண்டியை விடுவித்த பிறகு எங்கள் மெக்கானிக் சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றியபோது கிடைத்தது.

பத்துச் சக்கர லாரிக்கு மூன்று அச்சுகள், ஆறு டிரம்கள். முன் அச்சின் இரண்டு டிரம்களிலும் லைனர் புதிதுபோல் இருந்தது. மகிழ்ச்சி அடைய வேண்டிய செய்தி அல்ல அது; அந்த இரண்டும் பல மாதங்களாக வேலையே செய்யவில்லை. பிரேக் அடித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது என்று, இழுப்பதன் காரணத்தைத் தேடாமல், ஏதோ ஒரு சாலையோரப் பட்டறையில் முன் ஸ்லாக் அட்ஜஸ்டர்களைத் தளர்த்திவிட்டிருந்தார்கள். பின் அச்சின் இடது டிரம்மைத் திறந்தபோது ஹப்பின் ஆயில் சீல் கிழிந்து, லைனர் முழுவதும் எண்ணெயில் ஊறியிருந்தது. ஆக, ஆறில் மூன்று போக மீதி மூன்றுதான் அத்தனை பாரத்தையும் பிடித்து வந்திருக்கின்றன. அந்த மூன்று டிரம்களின் உட்புறம் நீலம் பாரித்து, தலைமுடிபோல் விரிசல் ஓடியிருந்தது. லைனர் கருகிக் கண்ணாடிபோல் வழவழத்துக் கிடந்தது. பார்க்கிங் பிரேக்காக வேலை செய்யும் ஸ்பிரிங்கும் இதே லைனரைக் கொண்டு இதே டிரம்மைத்தான் பிடித்தாக வேண்டும். எண்ணெய் ஊறிய லைனரையும் கருகிய லைனரையும் காற்று தள்ளினால் என்ன, ஸ்பிரிங் தள்ளினால் என்ன!

அப்படியானால் சுங்கச்சாவடியில் எப்படிப் பிடித்தது, எஃப்.சி.யில் எப்படித் தேறியது? இந்தக் கேள்விதான் என்னை நெடுநாள் குடைந்தது. மெக்கானிக் எளிமையாக விளக்கினார். சமதளத்தில், டிரம் குளிர்ந்திருக்கும்போது, மூன்று பிரேக்கே வண்டியை நிறுத்திவிடும். இறக்கத்தில் சூடு ஏற ஏற டிரம் விரிந்து லைனரை விட்டு விலகுகிறது. தண்டு இன்னும் அதிக தூரம் தள்ள வேண்டியிருக்கிறது. தேய்மானத்தால் ஏற்கெனவே நீண்டுபோன தள்ளுதூரம் அத்தோடு தன் எல்லையைத் தொட்டுவிடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்க ஏதும் மிச்சமில்லை. பொறியியல் படித்துக்கொண்டிருந்த என் அக்காள் மகன் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினான். அப்போது அனுமதிக்கப்பட்டிருந்த 25 டன் மொத்த எடையோடு ஒரு லாரி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது, எஞ்சின் உதவியே இல்லாமல் பிரேக் மட்டும் பிடித்தால், அதில் பிறக்கும் வெப்பம் ஏறத்தாழ 80 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமாம். அதை ஆறு டிரம்கள் பங்கு போட்டுக்கொள்வதும் மூன்று டிரம்கள் தாங்குவதும் ஒன்றாகாது. அன்று எங்கள் வண்டியில் அனுமதித்ததைவிட இரண்டு டன் கூடுதலாக வேறு இருந்தது.

எஃப்.சி.யைப் பற்றி ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சூலையில் வண்டியைக் காட்டியபோது அதில் மாட்டியிருந்த டயர்களில் நான்கு, என்னுடைய இன்னொரு லாரியினுடையவை. காட்டி முடித்ததும் கழற்றி மாற்றிக்கொண்டோம். இதை எங்கள் தொழிலில் யாரும் திருட்டு என்று நினைப்பதில்லை. கல்யாணத்துக்கு நகை இரவல் வாங்குவதுபோல்தான். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று விதி இருக்கிறது. சான்று வாங்கும் நாளன்று மட்டும் அந்த விதியை நான் மதித்தேன்.

வழக்கு ஓட்டுநர் மீது பதிவானது: இந்திய தண்டனைச் சட்டத்தின் 279, 338 ஆகிய பிரிவுகள், அதாவது அசட்டையாக வண்டி ஓட்டியது, அதனால் கொடுங்காயம் விளைவித்தது. விபத்துக்குள்ளான வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் பார்வையிட வேண்டும். ஊரில் இவரைப் பிரேக் இன்ஸ்பெக்டர் என்பார்கள். முன்பகுதி நொறுங்கி, காற்றுக் குழாய்கள் அறுந்து கிடந்த வண்டியில் பிரேக்கை இயக்கிப் பார்க்க வழியில்லாததால், சோதிக்க முடியவில்லை என்ற அளவில் அறிக்கை நின்றது. டிரம்களை நாங்கள் திறந்தது அதற்குப் பிறகுதான். முதல் தகவல் அறிக்கையில் என் பெயர் வண்டி உரிமையாளர் என்ற இடத்தில் மட்டுமே இருந்தது. ஓட்டுநர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார், பணத்தை நான் கொடுத்தேன். பணத்தைக் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

பின்னாளில் இதுபற்றித் தேடிப் படித்தபோது அமெரிக்க அரசு 2001 முதல் 2003 வரை 963 லாரி விபத்துகளை எடுத்து ஆராய்ந்த ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. அதில் லாரியின் பக்கம் தவறு என்று கண்ட விபத்துகளில், உடனடிக் காரணம் வாகனமே என்று முடிவு கட்டியவை பத்தில் ஒன்று அளவுக்குத்தான். மிகப் பெரும்பாலானவற்றுக்கு ஓட்டுநரே காரணம் என்று எழுதியிருந்தார்கள். ஆனால் அதே ஆய்வில் சிக்கிய லாரிகளில் ஏறத்தாழ 29 விழுக்காட்டில் பிரேக் கோளாறும் சேர்ந்தே இருந்தது. கடைசி நொடியில் என்ன நடந்தது என்று கேட்டால் ஓட்டுநரின் கை தெரிகிறது. கடைசி மாதத்தில் என்ன நடந்தது என்று கேட்டால்தான் பட்டறைக்குப் போகாத வண்டி தெரிகிறது. நம் ஊரில் இரண்டாவது கேள்வியைக் கேட்பவர் குறைவு. தொப்பூரில் 2020 டிசம்பரிலும் 2024 சனவரியிலும் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மோதிப் பல உயிர்கள் போனபோதும், செய்திகளில் சாலையின் வளைவும் சரிவும் ஓட்டுநரின் வேகமும்தான் பேசப்பட்டன. சாலையில் குறை இல்லை என்று நான் சொல்லவில்லை. அதே சாலையில் அன்று இறங்கிய மற்ற லாரிகள் ஊர் போய்ச் சேர்ந்ததையும் பார்க்க வேண்டும் என்கிறேன்.

வண்டியைத் திரும்ப ஓடவிட நான்கு மாதமானது. அந்த நான்கு மாதத்தில் என் மனத்தில் உருவான முதல் தெளிவு, பராமரிப்பு என்பது பட்டறையில் தொடங்குவதில்லை, கூலி முறையில் தொடங்குகிறது என்பதுதான். எங்களிடம் ஓட்டுநருக்கு நடைக்கு இத்தனை என்றுதான் கூலி. வண்டி பட்டறையில் நின்றால் எனக்கு வாடகை போகும், அவருக்குக் கூலியும் பேட்டாவும் போகும். கோளாறைச் சொன்னால் தன் வருமானத்தையே நிறுத்திக்கொள்ளும் நிலையில் ஒருவரை வைத்துவிட்டு, அவர் ஏன் அழுத்திச் சொல்லவில்லை என்று கேட்பதில் நியாயம் இல்லை. இப்போது பட்டறையில் நிற்கும் நாளுக்கும் பேட்டா உண்டு. ஓட்டுநர் அன்று பட்டறையிலேயே இருந்து, எது கழற்றப்பட்டது, எது மாற்றப்பட்டது என்று கண்ணால் பார்க்க வேண்டும். டீசல் மிச்சப் பணத்தை அடியோடு எடுத்துவிட்டு அந்தத் தொகையை நடைக் கூலியிலேயே சேர்த்தேன். மற்ற உரிமையாளர்கள் சிரித்தார்கள். மாதக் கணக்கில் டீசல் செலவு சொல்லிக்கொள்ளும்படி ஏறவில்லை.

வண்டிக்கு ஒரு நோட்டு வைத்தோம். அதில் ஓட்டுநர் எழுதுவார். பிரேக், ஸ்டியரிங், டயர், விளக்கு இந்த நான்கில் ஏதாவது எழுதப்பட்டால், எழுதியவரே சரியாகிவிட்டது என்று கையெழுத்துப் போடும்வரை வண்டி லோடு ஏற்றக் கூடாது. இந்த அதிகாரத்தை வாயால் கொடுத்தபோது யாரும் நம்பவில்லை. முதல் முறை ஓர் ஓட்டுநர் எழுதி, நான் லோடை விட்டுக்கொடுத்த பிறகுதான் மற்ற இருவரும் எழுதத் தொடங்கினார்கள்.

சோதனைகளில் மிகவும் பயன்பட்டது காசு செலவில்லாத ஒன்று. நான்கைந்து கிலோமீட்டர் ஓட்டி, இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்து நிறுத்திவிட்டு, இறங்கி ஒவ்வொரு சக்கரத்தின் டிரம் பக்கமும் புறங்கையைக் கொண்டுபோக வேண்டும், தொடக் கூடாது. ஆறும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும். எது குளிர்ந்திருக்கிறதோ அங்கே பிரேக் வேலை செய்யவில்லை. எது மற்றவற்றைவிட அதிகமாகச் சுடுகிறதோ அங்கே பிரேக் விடாமல் உரசுகிறது, அல்லது பேரிங் கெட்டிருக்கிறது. அந்த நவம்பருக்கு முன்னால் ஒரே ஒரு நாள் இதைச் செய்திருந்தால் முன் சக்கரங்கள் இரண்டும் பச்சைத் தண்ணீராய்க் கிடந்தது தெரிந்திருக்கும். காற்றுக்கும் இப்படி ஒரு வழி உண்டு. தொட்டி நிறைந்ததும் எஞ்சினை அணைத்து, ஒருவர் மிதியை முழுக்க அழுத்திப் பிடித்திருக்க, இன்னொருவர் முள்ளைப் பார்க்க வேண்டும். முள் இறங்கிக்கொண்டே போனால் வண்டிக்கு அடியில் காதை வைத்தாலே கசிவின் சீற்றம் கேட்கும். இரைச்சலான பட்டறையில் கேட்காது. அதிகாலையில் செய்வது நல்லது. தொட்டியின் அடியில் உள்ள வடிகுழாயைத் தினமும் திறந்துவிட வேண்டும். தண்ணீர் மட்டும் வந்தால் பரவாயில்லை; எண்ணெய் கலந்து வந்தால் கம்ப்ரசரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

டயரைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தாலும் என் பட்டறிவு இரண்டே. ரீட்ரெட் செய்த டயரை, அதாவது தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டியதை, முன் அச்சில் போடுவதில்லை; அது வெடித்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது. இரட்டைச் சக்கரத்தில் உள் டயரைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதை யாரும் பார்ப்பதில்லை. கம்பியால் தட்டி ஓசை கேட்கும் பழைய வழக்கம் காற்று அறவே இல்லாத டயரைக் காட்டிக்கொடுக்கும். பாதி குறைந்த டயரைக் காட்டாது. காற்றழுத்தம் காட்டும் கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும். வீல் நட்டைச் சுற்றித் துருக் கோடு வடிந்திருந்தால் அது தளர்ந்திருக்கிறது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

ஓடும்போது மோதுவது மட்டுமே பராமரிப்புக் குறையால் வரும் விபத்து அல்ல. 2019-இல் என் இன்னொரு லாரி, சேலம்–உளுந்தூர்ப்பேட்டை சாலையில், பேரிங் போய் இரவு பதினொரு மணிக்கு நின்றுவிட்டது. பேரிங் கெட்டதற்குக் காரணம் கிரீஸ் அடிக்க மறந்தது, அவ்வளவுதான். சாலையை விட்டு முழுவதும் இறக்க முடியவில்லை. பின் விளக்கில் ஒன்று எரியவில்லை. பின்புறப் பிரதிபலிப்புப் பட்டை தூசி படிந்து மங்கியிருந்தது. ஓட்டுநர் வழக்கம்போல் நான்கு கல்லையும் ஒரு வேப்பங்கிளையையும் பின்னால் வைத்திருந்தார். ஒரு சரக்கு வேன் கடைசி நேரத்தில் ஒடித்துக் கிளையின்மேல் ஏறிப் போனது. அன்றைக்கே மூன்று வண்டிக்கும் மடக்கு முக்கோணப் பலகை இரண்டிரண்டு வாங்கினேன். கல்லை வைப்பவர்கள் கிளம்பும்போது அதை எடுத்துப் போடுவதே இல்லை என்பது தனியாகத் திட்ட வேண்டிய விஷயம்.

செலவைக் கேட்பவர்களுக்காக: ஆறு சக்கரத்துக்கும் லைனர், ஆயில் சீல், ஒரு கம்ப்ரசர் பழுது என்று அந்த நவம்பரில் நான் தள்ளிப்போட்டது ஏறத்தாழ முப்பதாயிரம் ரூபாய். விபத்துக்குப் பின் காப்பீடு போக என் கையிலிருந்து போனது அதைப்போல் பதினைந்து மடங்கு. ஓட்டுநரின் காலுக்குள் இருக்கும் கம்பியை இதில் சேர்க்கவில்லை. அவர் மீண்டும் கனரக வண்டி ஓட்ட வரவில்லை. ராசிபுரம் பக்கத்தில் தன் ஊரில் மகனோடு இருக்கிறார். பொங்கலுக்குப் பொங்கல் போய்ப் பார்ப்பேன். எல்லாவற்றையும் பேசுவோம், லாரியை மட்டும் பேசுவதில்லை.

இதை எழுதும் இன்று காலை நோட்டில் ஒரு வரி இருந்தது: ‘நடு அச்சு இடது, சூடு இல்லை.’ தாவணகெரே தரகரிடம் வண்டி நாளை மறுநாள்தான் வரும் என்று சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் வைத்துவிட்டு, பத்து நிமிடத்தில் லோடை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாகச் செய்தி அனுப்பினார். வண்டி பட்டறையில் ஜாக்கியின்மேல் நிற்கிறது.